தண்ணீரில் வெளுக்காத படலம்

லிஷுய் ஊரின் மேட்டுத் தொழிற்பேட்டையில் ஷுலானைத் தெரியாதவர்கள் குறைவு. அவளைப் பிடித்தவர்கள் அதைவிடக் குறைவு. சிரித்துப் பேசத் தெரியாது, விட்டுக்கொடுக்கத் தெரியாது, மறக்க அறவே தெரியாது. இப்படிப்பட்ட பெண்ணை எங்கள் ஊர்க்காரர்கள் தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறிக்கொள்வார்கள். மாறட்டும். எனக்கு அவளைப் பிடிக்கும்.

பத்தொன்பது வயதில் மலைக்கிராமத்திலிருந்து பேருந்தில் இறங்கி, பான் தேஷெங்கின் செயற்கைத் தோல் ஆலையில் சேர்ந்தவள். சோதனைக்கூடத்தில் வேலை. தோலுக்கு மேல்பூச்சாகப் போகிற பாலியூரித்தேன் படலத்தை இடுப்பு சிறுத்த துண்டுகளாக வெட்டி, எந்திரத்தின் இரண்டு தாடைகளுக்கு நடுவே மாட்டி, அறும்வரை இழுக்க வேண்டும். நாள் முழுக்க இதே. ‘கிழிக்கிறவள்’ என்று ஆலையில் பெயர் வைத்தார்கள். அவள் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டாள்.

பூச்சு அறையின் தலைமைத் தொழிலாளி கெங்மிங் தினம் ஒருமுறையாவது கையில் ஒரு துண்டுப் படலத்தோடு வந்து நிற்பான்.

“இதையும் கொஞ்சம் இழுத்துப் பாரேன்.”

“காலையிலதானே ரெண்டு துண்டு கொடுத்தே?”

“அது வேற உருளை.”

“ஒரே உருளை. ஓரத்துல ஒரே கீறல் இருக்கு. என்னைப் பார்க்கணும்னா வந்து பார்த்துட்டுப் போ. நல்ல படலத்தை எதுக்கு வீணாக்குறே?”

அடுத்த இளவேனிலில் கல்யாணம் நடந்தது. பூச்சு அறையின் மேசைக்கு மட்டும் சாராயம் வைக்கவில்லை, சோடாவும் வறுத்த பார்லித் தேநீரும் வைத்தார்கள். மாப்பிள்ளையே தேநீரைத்தான் தூக்கிக் காட்டினான். எங்கள் ஊரில் இதை யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள். பூச்சு அறையில் நிற்கிறவனால் குடிக்க முடியாது. பிசினைக் கரைக்கிற கரைப்பான், அந்தக் கெட்டுப்போன மீன் வாடை, மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உள்ளே போய் ஈரலில் உட்கார்ந்துகொள்ளும். அதற்குமேல் ஒரு வாய் சாராயம் போனால் போதும். முகமும் கழுத்தும் வெந்த நண்டு நிறத்துக்கு வந்துவிடும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், தின்றதெல்லாம் வெளியே வரும். புதிதாகச் சேர்கிற பையன்கள் முதல் சம்பளத்தில் ஒரு பாட்டில் வாங்கிக் குடித்துவிட்டு இதைக் கற்றுக்கொள்வார்கள். இரண்டாவது பாட்டில் வாங்கியவனை நான் பார்த்ததில்லை.

கெங்மிங் நாற்பத்தோரு வயதில் செத்தான். கண் மஞ்சளாகி, வயிறு வீங்கி, கடைசியில் மனைவியின் பெயரைக்கூட மாற்றிச் சொல்லி, ஈரல் போய்ச் செத்தான். விசாரணை நடந்தது. முதலாளி பான் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்தார். துக்கமான முகம். கையில் ஒரு புகைப்படம். ஆண்டு முடிவு விருந்தில் கெங்மிங் கோப்பையைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிற படம்.

“நல்ல தொழிலாளிதான். என்ன பண்றது, குடிச்சே ஈரலைக் கெடுத்துக்கிட்டாரு. நானும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அந்த அறையால யாருக்கும் ஒண்ணும் ஆகாது” என்றார்.

அந்தக் கோப்பையில் இருந்தது தேநீர். கூட உட்கார்ந்திருந்த ஏழெட்டுப் பேருக்கும் அது தெரியும். பூச்சைக் காயவைக்கிற ஒரே அடுப்பின் எதிர்முனையில் அவனோடு பத்து வருஷம் நின்ற ஷா யோங்குக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். விசாரித்தவர்கள் கேட்டார்கள். யோங் தன் செருப்பைப் பார்த்தான். மற்றவர்கள் யோங்கைப் பார்த்தார்கள். எல்லோர் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும் அல்லவா? குடிகாரன் என்று எழுதி மூடிவிட்டார்கள்.

வாசலில் பான் காரில் ஏறப்போனபோது ஷுலான் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“அவரு குடிக்க மாட்டாருன்னு உங்களுக்குத் தெரியும்.”

“அம்மா, போன உயிர் போயிருச்சு. வீட்டுக்குப் போங்க.”

“எந்த வாய் அவரைக் குடிகாரன்னு சொல்லிச்சோ, அதே வாய் இல்லைன்னு சொல்லணும். உங்க பூச்சு அறை ஆளுங்க எல்லாரும் கேக்கச் சொல்லணும். அதுவரைக்கும் உங்களை விட மாட்டேன்.”

பான் சிரித்துக் கதவைச் சாத்திக்கொண்டார். விரலை எடுத்துக்கொள்ள அவளுக்கு அவகாசம் கொடுத்தார் என்பதை மட்டும் அவர் கணக்கில் நல்லதாக எழுதலாம்.

அவள் என்ன செய்வாள்? கத்தியைத் தூக்கவில்லை. ஆலை வாசலில் பதாகை பிடிக்கவில்லை. அந்த ஆலையின் உயிர் கரைப்பானில் இருக்கிறது. கரைப்பானே வேண்டாத ஒரு படலம் வந்தால் பானின் அடுப்புகள் பழைய இரும்புக்குப் போகும். அப்போது அவர் யாரிடமாவது கையேந்தி வர வேண்டும். வரும்போது அந்த இடத்தில் தான் உட்கார்ந்திருக்க வேண்டும். அவள் யோசித்தது இவ்வளவுதான். பைத்தியக்காரத்தனம் என்று ஊர் சொன்னது.

பேட்டையின் கடைசித் தெருவில் லின் ருய்ஃபாங் என்றொரு பெண் சின்னப் பட்டறை வைத்து நொடித்துக்கொண்டிருந்தாள். தண்ணீரில் கலக்கிற பிசின் செய்கிறேன் என்று இறங்கியவள். அதுவும் ஆமணக்கு எண்ணெயிலிருந்து. நம் விளக்கெண்ணெய்தான். அவளோடு வெய் ஜியா என்கிற வேதியியல் டாக்டர் பெண்ணும் சேர்ந்திருந்தாள். இரண்டு பேருக்கும் துண்டு இழுக்க ஒரு கை தேவைப்பட்டது. சம்பளம் தர வழியில்லை, பட்டறையில் மூன்றில் ஒரு பங்கு தருகிறோம் என்றார்கள். ஒன்றுமில்லாததில் மூன்றில் ஒன்று. ஷுலான் சரி என்றாள்.

முதல் நாளே வெய் உட்காரவைத்து விளக்கினாள்.

“எண்ணெய்க்கும் தண்ணிக்கும் ஆகாது இல்லையா? அதனால பிசினுக்குத் தண்ணியைப் பிடிச்சுக்கிற மாதிரி சின்னச் சின்னக் கைகளை ஒட்டவைக்கிறோம். அப்பதான் தண்ணியில பால் மாதிரி கலந்து நிக்கும்.”

“சரி.”

“பூசிக் காயவைச்ச பிறகும் அந்தக் கைகள் அப்படியே இருக்கும் அக்கா. மழை பட்டா மறுபடி தண்ணியைக் கூப்பிட்டு உள்ள உக்காரவைச்சுக்கும்.”

“அப்ப கையை வெட்டு.”

“ரொம்ப வெட்டினா பிசின் தண்ணியில நிக்காது. புளிச்ச பால் மாதிரி திரிஞ்சிரும்.”

இந்த இழுபறியில் வருஷங்கள் போயின. வெய் கைகளைக் குறைப்பாள், கொப்பரையில் திரியும். கூட்டுவாள், படலம் தண்ணீரில் போட்ட மறுநிமிடமே கஞ்சி ஆடைபோல வெளுத்து ஊதிவிடும். ஆமணக்கு எண்ணெயின் ஒவ்வொரு துகளிலும் மூன்று கொக்கிகள் உண்டு. அவை ஒன்றையொன்று பிடித்துக்கொண்டால் வலை இறுகும், படலம் பலமாகும். அளவு மிஞ்சினால் அப்பளம் மாதிரி நொறுங்கும். செருப்பு மடங்குகிற இடத்தில் அப்பளத்தை வைத்துத் தைக்க முடியுமா? ஷுலான் ஒவ்வொன்றையும் இழுத்தாள். ஒவ்வொன்றும் அறுந்தது. அறும்போதெல்லாம் பானின் சிரிப்பு அவள் காதில் விழுந்தது. அதைக் கேட்டுத்தான் அடுத்த துண்டை மாட்டினாள்.

பானுக்கும் சேதி போய்க்கொண்டிருந்தது. சந்தையில் உப்புக்கீரை ரொட்டிக் கடை முன்னால் நாலு பேர் கேட்க அவளைக் கூப்பிட்டே சொன்னார்:

“என்ன ஷுலான், இன்னும் விளக்கெண்ணெய் காய்ச்சுறியா? நீ செய்யிற தோல்ல செருப்பு தைச்சா மழைக்காலத்துல வெறுங்காலோடதான் வீடு போகணும். எதுக்கும் நான் வாங்கிக்கிறேன், கொடு. வயித்தைச் சுத்தம் பண்ணவாவது ஆகும்.”

நாலு பேரும் சிரித்தார்கள். அவள் ரொட்டியை வாங்கிக்கொண்டு திரும்பினாள். அன்றைக்கு வெய்யைப் பிடித்துக் கத்தினாள், பாவம், அந்தப் பெண் என்ன செய்வாள்.

வெய் அதற்குள் ஒரு வழி கண்டிருந்தாள். தண்ணீர்க் கைகளைப் பாதியாகக் குறைத்து, மீதிக் கைகளைப் பூசுவதற்குச் சற்று முன்னால் ஊற்றுகிற ஒரு மருந்தால் ஒன்றோடொன்று முடிச்சுப்போட வைப்பது. முடிச்சு விழுந்த கை தண்ணீரைக் கூப்பிடாது. யோசனை சரி. ஆனால் படலம் வெளுத்தது. மருந்தின் அளவை மாற்றினார்கள், வெளுத்தது. அடுப்பின் சூட்டை மாற்றினார்கள், வெளுத்தது.

“முடிச்சு விழ நேரம் வேணும் அக்கா. ஒரு வாரம் சும்மா விட்டுட்டு அப்புறம் தண்ணியில போடலாம்” என்று வெய் எத்தனையோ தடவை சொன்னாள்.

“பானோட படலம் அடுப்புல இருந்து வந்த மறுநாளே தண்ணியில வெளுக்காம நிக்குது.”

“அது கரைப்பான் படலம். கரைப்பான் பறந்துட்டா அதோட வேலை முடிஞ்சுது. இது அப்படி இல்ல.”

“ஒரு வாரம் காத்திருந்து நின்னா ஊர் என்ன சொல்லும்? தாஜா பண்ணி நிக்கவைச்சாங்கன்னு சொல்லும். மறுநாளே நிக்கணும்.”

கரைப்பான் ஆலையில் வளர்ந்தவர்கள் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. இன்று பூசினால் நாளை ஊறவைப்பார்கள். வேறு மாதிரி நினைக்கவே வராது. ஷுலானுக்கு அதோடு ஆத்திரமும் சேர்ந்துகொண்டது. பானின் கணக்கைத் தீர்க்க இன்னும் ஒரு நாள்கூடக் காத்திருக்க அவளுக்கு மனமில்லை. அந்த அவசரத்தில் நல்ல படலங்களை எல்லாம் முடிச்சு விழும் முன்னாலேயே தண்ணீரில் அமுக்கிக் கொன்றுகொண்டிருந்தாள். முழுசாக ஒரு வருஷம். பழிவாங்க வேண்டும் என்ற வெறிதான் அவளை நிறுத்திவைத்தது, அதே வெறிதான் அவள் கண்ணையும் கட்டியது. இதைச் சொன்னால் இன்றைக்கும் என்னோடு சண்டைக்கு வருவாள்.

புத்தாண்டுக்கு விடுகிற வசந்த விழா விடுமுறை வந்தது. தொழிலாளிகள் ஊருக்குப் போய்விட்டார்கள். பேட்டைக்கே பூட்டு. கடைசி நாள் பூசிய படலத்தை ஊறவைக்க ஆளில்லை. மேசைமேல் அது பத்து நாளுக்கு மேல் கிடந்தது. திரும்பி வந்த காலை, கோட்டைக்கூடக் கழற்றாமல் ஷுலான் அதைத் தண்ணீரில் போட்டாள். போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போனாள். மறுநாள் பார்த்தால் கண்ணாடிபோலக் கிடந்தது. எடைபோட்டார்கள். தண்ணீர் ஏறியதே தெரியவில்லை. துடைத்து எந்திரத்தில் மாட்டினாள். தாடைகள் விலகின, படலம் நீண்டது, இன்னும் நீண்டது. அறுந்துபோக மாட்டேன் என்றது.

லின் கையைத் தட்டினாள். வெய் ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதாள். ஷுலான் அவளிடம் போய், “நீ சொன்னது சரி. என் தப்பு” என்றாள். அவள் வாயில் அந்த வார்த்தை வந்து நான் கேள்விப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

அதன்பிறகு காற்று அவர்கள் பக்கம் அடித்தது. கரைப்பான் ஆலைகளுக்குக் கெடுபிடி வந்தது. வெளிநாட்டுச் செருப்புக் கம்பெனிகள் கரைப்பான் வாடையே கூடாது என்றன. தண்ணீர்ப் படலத்தைச் சூடான ஈரப் பெட்டியில் வாரக்கணக்கில் அடைத்துப் பார்த்தார்கள், லட்சம் தடவை மடக்கிப் பார்த்தார்கள், தாங்கியது. பானின் ஆறு அடுப்புகளில் ஐந்து அணைந்தன. அவருடைய பெரிய வாடிக்கைக்காரர், ஆறு மாதத்தில் தண்ணீர்ப் பிசினுக்கு மாறாவிட்டால் வேறு ஆளைப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டார். மொத்த மாகாணத்திலும் ஆமணக்குப் பிசின் அந்தத் தரத்தில் லின் பட்டறையில்தான் கிடைத்தது.

பான் வந்தார். உணவகத்தில் தனி அறை, மேசை நிறைய ஆற்றுமீன், விலையுயர்ந்த சாராயம். லின்னோடு வெய், ஷுலான் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சு நல்லபடியாகவே முடிந்தது. ஒப்பந்தத் தாள் மேசைக்கு வந்தது. எங்கள் நாட்டில் கையெழுத்தை யாரும் சீண்ட மாட்டார்கள். கம்பெனியின் சிவப்பு முத்திரை விழுந்தால்தான் தாளுக்கு உயிர். மூன்று பங்காளிகளிலும் கஞ்சத்தனமானவள் என்று முத்திரையை ஷுலானிடம்தான் கொடுத்துவைத்திருந்தார்கள். அது அவள் கோட்டுப் பைக்குள் இருந்தது. கை வெளியே வரவில்லை.

“முதல்ல அவரு சொல்லட்டும்” என்றாள்.

லின்னுக்கு வியர்த்தது. பானுக்கு வியர்க்கவில்லை. எழுந்து கோப்பையைத் தூக்கினார்.

“இதுக்கா இத்தனை வருஷம்? சரி, கெங்மிங் குடிக்கல. நான்தான் தெரியாம சொல்லிட்டேன். போதுமா தங்கச்சி? நல்ல மனுஷன். அவரு பேர்ல ஒரு கோப்பை!” ஒரே மூச்சில் குடித்துவிட்டுச் சப்புக்கொட்டினார். முகம் கொஞ்சமும் நிறம் மாறவில்லை. ஆயிரம் கோப்பைக்காரர் என்று பான் பெயரெடுத்தவர், அதில் அவருக்குப் பெருமை அதிகம்.

ஷுலானுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒன்பது வருஷம் சுமந்த வார்த்தையை மீன்முள்ளைத் துப்புவதுபோல அந்த ஆள் துப்பிவிட்டார்.

“போதாது” என்றாள். “உங்க கடைசி அடுப்பு இன்னும் ஓடுது. கெங்மிங் நின்ன இடத்துல நீங்க ஒரு வாரம் நில்லுங்க. அவருக்கு நீங்க கொடுத்த அதே துணி முகமூடியோட. ஆண்டு முடிவு விருந்துல ஆளுங்க முன்னாடி ஒரு கோப்பை குடிங்க. அப்புறம் சொல்லுங்க. அந்த நிமிஷமே முத்திரை.”

“ஷுலான்!” என்றாள் லின்.

“அந்த அறையால ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகாதுன்னு விசாரணையில சொன்னாரு லின் அக்கா. ஆகாதுன்னா என்ன பயம்?”

பான் சிரித்தார். “சரி, நிக்கிறேன்” என்றார். அவர் அந்த அறைக்குள் கால்வைத்தே இருபது வருஷம் ஆகியிருக்கும். கண்ணாடிக்கு வெளியே நின்று விருந்தாளிகளுக்குக் காட்டியதோடு சரி. ஆகாது என்று ஊருக்குச் சொல்லிச் சொல்லி அவரே அதை நம்பியிருந்தார். பொய்க்காரர்களுக்கு வருகிற வியாதி இது.

ஒரு வாரமும் காலை முறையில் நின்றார். ஆலையே வேலையை விட்டுவிட்டுக் கண்ணாடி வழியாகப் பார்த்தது. முதல் நாள் ஜோக்கடித்தார். மூன்றாம் நாள் தலைவலி என்றார். கடைசி நாட்களில் மதியச் சோற்றைத் தொடவில்லை. எதிர்முனையில் ஷா யோங் நின்று பிசினை வழித்துக்கொண்டிருந்தான். ஒரு தடவை, “முதலாளி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, ஆவி நேரா உங்க மேலதான் வருது” என்றான். பான் தள்ளி நின்றார். அங்கேயும் ஆவி வந்தது.

விருந்து மதியத்தில் ஆலை உணவுக்கூடத்திலேயே நடந்தது. பூச்சு அறை மேசையில் வழக்கம்போல சோடாவும் தேநீரும். முதலாளி பானைக் கொண்டுவந்து அந்த மேசையிலேயே உட்காரவைத்தார்கள். ஷுலான் எதிரே உட்கார்ந்து தானே ஊற்றினாள். சின்னக் கோப்பை, வெள்ளைச் சாராயம். பான் வாங்கி, கூட்டத்தைப் பார்த்துத் தூக்கிக் காட்டி, பழைய தோரணையில் ஒரே மூச்சில் விழுங்கினார்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அவர் சிரிக்கக்கூடத் தொடங்கினார். பிறகு காதுமடல் சிவந்தது. கன்னம் சிவந்தது. சட்டைக் கழுத்துக்குள் இறங்கியது சிவப்பு. கை நெஞ்சுக்குப் போனது. எழப் பார்த்தார், முடியவில்லை, மேசையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்த சூப் சட்டியிலேயே வாந்தியெடுத்தார். ஆயிரம் கோப்பைக்காரர், ஒரு கோப்பையில். மேசையில் யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொருத்தனும் அந்த முகத்தில் தன் ஈரலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“தண்ணி… தண்ணி கொடுங்க” என்றார் பான்.

ஷுலான் தண்ணீர்க் குவளையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

“சொல்லுங்க.”

“இது… இப்படி இருக்கும்னு எனக்கு…”

“எழுந்து நின்னு சொல்லுங்க.”

எழுந்து நின்றார். “கெங்மிங் குடிக்கல” என்றார். “குடிச்சிருக்கவே முடியாது. இந்த அறைதான் அவனைக் கொன்னுது. எனக்குத் தெரியும். அப்பவே தெரியும்.”

கடைசி இரண்டு வார்த்தைகளை யாரும் அவரிடம் கேட்கவில்லை. தானாக வந்தன. அவள் குவளையைத் தள்ளிவைத்தாள். முத்திரையை எடுத்து, சிவப்பு மையில் ஒற்றி, ஒப்பந்தத் தாளில் அழுத்தினாள். ஆறாவது அடுப்பையும் அறுத்து இரும்புக்குப் போட வேண்டும் என்று அதில் ஒரு வரி இருந்தது. மருத்துவரைக் கூப்பிட ஆள் ஓடினான். அவளுக்கு இரக்கம் வந்ததா என்றால், வரவில்லை. இன்னும் ஒரு மாதம் நிற்கவைத்திருக்கலாம் என்றுதான் தோன்றியதாம். என்னிடமே சொன்னாள். அதற்காக அவளை நான் குறை சொல்ல மாட்டேன்.

கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வரும்போது ஷா யோங் பின்னாலேயே ஓடிவந்தான். கண் கலங்கியிருந்தது. அவனுக்கு மனசு லேசாகியிருந்தது, அது முகத்திலேயே தெரிந்தது.

“அண்ணி, முடிஞ்சுது. அண்ணன் பேர்ல இருந்த கறை போயிருச்சு. எல்லாரும் கேட்டோம். இனிமேலாவது நீங்க நிம்மதியா இருக்கணும்.”

ஷுலான் நின்றாள்.

“பான் பொய் சொன்னான் யோங். சொன்னதை இன்னைக்குத் திருப்பி எடுத்துட்டான். நீ அன்னைக்கு ஒண்ணுமே சொல்லலையே. அதை எப்படித் திருப்பி எடுப்பே?”

யோங் மறுபடியும் தன் செருப்பைப் பார்த்தான். அவள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனாள்.